ரேசர், பிரஷ், வைப்ரேட்டர்: எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்

அரசு மருத்துவமனை ஒன்றின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க வருகிறவர்களிடம் டெஸ்ட்டுக்கு முன்னாலும் பின்னாலும் பேசுவதுதான் என் வேலை. அவர்கள் கேட்பதில் பெரும்பகுதி பொருட்களைப் பற்றித்தான். லாட்ஜில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டேன், ரூம்மேட் ரேசரை எடுத்து ஷேவ் பண்ணிவிட்டேன், அக்காவின் உள்ளாடையைப் போட்டுக்கொண்டேன், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம், கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “மேடம், மசாஜர்னு ஆன்லைன்ல விக்குதே... அதை ரெண்டு பேரும் யூஸ் பண்ணினோம். அதுல வருமா?”

எந்தப் பொருளில் வரும், எதில் வராது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் பயனில்லை. எத்தனை நீளமாகப் போட்டாலும் நீங்கள் தொட்டுவிட்டு வந்த பொருள் மட்டும் அதில் இருக்காது. அதற்குப் பதில், நான் மேசையில் வைத்துக் கேட்கிற நாலு கேள்விகளைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருக்கும்போது நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, அந்தப் பொருளில் ஒட்டியிருந்தது என்ன? எச்.ஐ.வி. தொற்றும் அளவுக்கு இருப்பது சில திரவங்களில் மட்டும்தான். இரத்தம், விந்து, விந்துக்கு முன்னால் கசியும் திரவம், பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாயின் உட்புறத் திரவம், தாய்ப்பால். மாதவிடாய் இரத்தமும் இரத்தம்தான். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் இவற்றால் பரவாது. எச்சிலில் இரத்தம் கலந்திருந்தால் அது இரத்தத்தின் கணக்கில் போகும்.

இரண்டாவது, அது ஈரமாக இருந்ததா, காய்ந்துவிட்டதா? மனித உடம்புக்கு வெளியே எச்.ஐ.வி. பெருகாது. காய ஆரம்பித்த சில மணி நேரத்திலேயே 90 முதல் 99 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அதுவும் ஆய்வகத்தில், மனித இரத்தத்தில் சாதாரணமாக இருப்பதைவிடப் பலமடங்கு அடர்த்தியான வைரஸை வைத்துப் பார்த்த கணக்கு. நேற்று ராத்திரி துண்டில் பட்ட கறை இன்று காலை வெறும் கறை.

மூன்றாவது, அது உங்கள் உடம்பில் எங்கே போய்ச் சேர்ந்தது? வெடிப்பு, காயம் இல்லாத தோல் வழியாக எச்.ஐ.வி. உள்ளே போகாது. பெண்ணுறுப்பின் உட்புறம், ஆசனவாய், ஆண்குறியின் துவாரமும் முன்தோலின் உட்புறமும், இரத்தம் கசிகிற புண், நரம்பில் ஏறும் ஊசி, இவைதான் வாசல்கள். வாய் மிகச் சிறிய வாசல். கையில், தொடையில், வயிற்றில் பட்டது என்றால் கழுவிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

நாலாவது கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த இன்னொருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா? இருந்தால் மாத்திரை சாப்பிடுகிறாரா? எச்.ஐ.வி. அழுக்கில் பிறப்பதில்லை. தொற்று இல்லாத இரண்டு பேர் ஒரே பொருளைக் கழுவாமல் பயன்படுத்தினால் வேறு சில நோய் வரலாம், எச்.ஐ.வி. வர வழியே இல்லை. “சுத்தமா வெச்சுக்கல மேடம், அதனால வந்துருக்குமோ” என்று கேட்கிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

நாலும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அபாயம் என்று பேச ஆரம்பிக்கலாம். ஒன்று அறுந்தாலும் கதை முடிந்தது.

இதை வைத்துச் சிலவற்றை வேகமாகத் தள்ளிவிடலாம். கழிப்பறை இருக்கை, பக்கெட், சோப்பு, போர்வை, துவைத்த உள்ளாடை, சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், நீச்சல்குளம், கொசு, எதிலும் எச்.ஐ.வி. இல்லை. துண்டையும் உள்ளாடையையும் பகிர வேண்டாம் என்று நானும் சொல்வேன், ஆனால் காரணம் வேறு. படர்தாமரையும் சொறி சிரங்கும் அந்த வழியில்தான் வீடு முழுக்கப் பரவுகின்றன. அரிப்போடு வருகிறவர்களுக்கு அது எய்ட்ஸ் அறிகுறியோ என்று பயம். பெரும்பாலும் தோல் டாக்டரிடம் அனுப்பினால் சரியாகிவிடும்.

ரேசரும் பிரஷ்ஷும்

கன்னத்தில் கீறல் விழுந்து இரத்தம் கசியும்போதே இன்னொருவர் அதே பிளேடை வாங்கித் தன் கன்னத்தைக் கீறிக்கொண்டால் கணக்குப்படி ஒரு வாய்ப்பு உண்டு. நடைமுறையில் அது மிகமிகக் குறைவு. பிளேடில் ஒட்டும் இரத்தம் ஒரு துளிகூடத் தேறாது, தண்ணீரிலும் நுரையிலும் கரைந்துவிடும், மேலோட்டமான கீறலில் ஆழமாகப் போகவும் வழியில்லை. இன்னொருவர் நேற்று ஷேவ் செய்து கழுவி வைத்த ரேசரை இன்று எடுத்ததற்காக டெஸ்ட்டுக்கு வர வேண்டியதில்லை.

ஆனாலும் ரேசரைப் பகிராதீர்கள். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த நிலையிலும் குறைந்தது 7 நாள் தொற்றும் தன்மையோடு இருக்கும். தொற்றுள்ள ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.யை நினைத்து மாதக்கணக்கில் தூங்காமல் இருப்பவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. இத்தனைக்கும் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, பெரியவர்களுக்கு மூன்று தவணை. பல் ஈறில் இரத்தம் வருகிறவரின் டூத் பிரஷ்ஷுக்கும் இதே நியாயம்தான்.

சலூனில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். பிளேடை உங்கள் கண்முன் பேப்பர் உறையிலிருந்து எடுத்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்தியில் மாட்டுகிறாரா, அவ்வளவுதான். ஏற்கெனவே மாட்டியிருந்தால் “அண்ணே, பிளேடு மாத்திருங்க” என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டெட்டால் தண்ணீரில் நனைத்து எடுப்பதையும் படிகாரம் தேய்ப்பதையும் பிளேடு மாற்றியதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோயிலில் மொட்டை போடும்போதும், திருவிழாக் கடையில் பச்சை குத்தும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். பச்சை குத்தும் இடத்தில் ஊசி மட்டும் புதிதாக இருந்தால் போதாது, மை ஊற்றி வைத்த சின்னக் கிண்ணமும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

நகம் வெட்டி, பியூட்டி பார்லர் கருவிகள் இவற்றால் எச்.ஐ.வி. வந்ததாக மருத்துவ இதழ்களில் தேடினால் அபூர்வமாகத்தான் ஏதாவது கிடைக்கும். பிரேசிலில் ஓர் இளம்பெண்ணுக்கு வேறு எந்த வழியும் புலப்படாமல், பல வருடம் முன்பு எச்.ஐ.வி. இருந்த உறவுப் பெண்ணோடு நகம் திருத்தும் கருவிகளைப் பகிர்ந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று 2014-இல் எழுதினார்கள். அந்த ஒன்றை ஆய்வுக் கட்டுரையாகவே போட வேண்டியிருந்தது என்பதிலிருந்து அது எவ்வளவு அபூர்வம் என்று புரிந்துகொள்ளலாம்.

வைப்ரேட்டர் முதலானவை

இதைத்தான் யாரிடமும் கேட்க முடியாமல் வருகிறார்கள். ‘பாடி மசாஜர்’ என்று பெயர் போட்டு, வெளியே எதுவும் தெரியாத பழுப்பு டப்பாவில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. எப்படிக் கழுவுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. கணவன் மனைவி, இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள், திருநங்கைகள், எல்லாரும் வருகிறார்கள். யாரோடு என்பது எங்களுக்கு விஷயமே இல்லை. ஒரே பாலினத்தவர் சம்மதத்தோடு வைக்கும் உறவு குற்றமில்லை என்று 377-ஆவது பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 செப்டம்பரிலேயே வந்துவிட்டது.

நாலு கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். திரவம் இருக்கிறது. ஒருவரிடமிருந்து எடுத்து உடனே இன்னொருவர் என்றால் ஈரமும் இருக்கிறது. போய்ச் சேரும் இடம் வாசலேதான். ஆக முதல் மூன்றும் சேர்ந்துவிடுகின்றன, நாலாவது ஒன்றுதான் பாக்கி. அதனால்தான் துண்டையும் ரேசரையும் சொல்வது மாதிரி இதைச் சிரித்துவிட்டுத் தள்ள முடியாது.

அதே சமயம் அளவையும் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரோடு, அவர் சிகிச்சையில் இல்லாதபோது, காண்டம் இல்லாமல் ஆசனவாய் வழியாக உறவை ஏற்பவருக்கு 10,000 தடவையில் சுமார் 138 தடவை தொற்றலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை மதிப்பிடுகிறது. பெண்ணுறுப்பு வழியாக ஏற்பவருக்குச் சுமார் 8. போதை ஊசியைப் பகிர்ந்தால் சுமார் 63. வைப்ரேட்டர் மாதிரிப் பாலியல் பொம்மையைப் பகிர்வதற்கு அந்த அட்டவணையில் எண்ணே இல்லை, ‘புறக்கணிக்கத்தக்க அளவு’ என்ற வரிசையில் கடித்தல், துப்புதல் இவற்றோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். எண் போடும் அளவுக்குச் சம்பவங்கள் இல்லை என்று அர்த்தம்.

இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் டெக்சாஸில் 2012-இல் ஒரு பெண்ணுக்குத் தொற்று உறுதியானது. அவருடைய துணையும் பெண். அந்தத் துணைக்கு ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்தது, மாத்திரையை நிறுத்தியிருந்தார். இருவருடைய வைரஸும் மரபணு அளவில் ஒத்துப்போனது. அவர்களிடம் விசாரித்தபோது, உள்ளே செலுத்தும் பொம்மைகளைப் பகிர்ந்ததும், மாதவிடாய் நாட்களிலும் உறவு வைத்ததும், சில சமயம் இரத்தம் வரும் அளவுக்கு முரட்டுத்தனமாக நடந்துகொண்டதும் தெரிந்தது. பொம்மை மட்டும்தான் காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பாருங்கள், சிகிச்சை இல்லாத வைரஸ், புது இரத்தம், ஈரம், காயப்பட்ட உட்புறம், நாலும் ஒரே இடத்தில்.

சரி, என்ன செய்ய வேண்டும். ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம். பகிர்வதென்றால் பொம்மைக்குக் காண்டம் போடுங்கள், ஆள் மாறும்போது காண்டமும் மாற வேண்டும். ஒரே ஆளுக்குள்ளேயே ஆசனவாயிலிருந்து பெண்ணுறுப்புக்குப் போகும்போதும் மாற்ற வேண்டும். இது எச்.ஐ.வி.க்காக அல்ல, குடல் கிருமிகள் சிறுநீர்த் தொற்றைக் கொண்டுவரும் என்பதற்காக. காசு பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனையில் நிரோத் இலவசம், டப்பாவிலிருந்து கைநிறைய அள்ளிக்கொண்டு போகலாம், யாரும் எண்ணமாட்டோம்.

தேங்காய் எண்ணெய் பக்கமே போகாதீர்கள். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதான் முதலில் கைக்கு வரும். லேட்டக்ஸ் காண்டத்தில் எண்ணெய் பட்டால் சில நிமிடத்திலேயே ரப்பர் பலவீனமாகிக் கிழியும். வேசலின், பேபி ஆயில், பாடி லோஷன் எல்லாம் இதே ரகம். மருந்துக் கடையில் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கேளுங்கள். சிலிக்கான் ஜெல் காண்டத்துக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் சிலிக்கான் பொம்மையின் மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கி அரித்துவிடும்.

கழுவுவதற்கு, முதலில் பொருள் எதனால் ஆனது என்று பாருங்கள். மோட்டார் இல்லாத சிலிக்கான், ஸ்டீல் என்றால் அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் ஒதுக்கி 5 முதல் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள், கதை முடிந்தது. மோட்டார் உள்ளதை இளஞ்சூடான தண்ணீரிலும் வாசனை இல்லாத சோப்பிலும் கழுவுங்கள். சார்ஜ் போடும் துளையில் தண்ணீர் போகாமல் அந்த முனையைக் கையால் பொத்திக்கொள்ளுங்கள். பட்டன் ஓரம், இரண்டு பகுதி சேரும் கோடு இவற்றில்தான் வழவழப்பு தங்கும், விரல் நகத்தால் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் நன்றாகக் காயவிட்டு, பருத்தித் துணிப் பையில் வையுங்கள். மலிவு விலையில் வரும், பிளாஸ்டிக் வாடை அடிக்கிற, அமுக்கினால் கொழகொழவென்று இருக்கும் ரகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுசாகச் சுத்தமாகாது. அதைத் தனியாகப் பயன்படுத்தினாலும் காண்டம் போட்டே பயன்படுத்துங்கள், விரிசல் தெரிந்தால் தூக்கி எறியுங்கள். சுத்தம் என்று நினைத்து டெட்டாலை நேரடியாக ஊற்றுகிறார்கள். அது உட்புறத் தோலை எரித்துப் புண்ணாக்கும். புண் இன்னொரு வாசல்.

வெள்ளரிக்காய், வாழைக்காய் கதையும் வரும். கூச்சப்பட ஒன்றுமில்லை. காண்டம் போடுங்கள், முடிந்ததும் குப்பையில் போடுங்கள், காய்கறிக் கூடைக்குத் திரும்பிப் போகக்கூடாது.

காண்டத்துக்கும் கழுவுவதற்கும் இத்தனை இடம் கொடுப்பது எச்.ஐ.வி.யை மட்டும் மனதில் வைத்தல்ல. கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனாஸ், எச்.பி.வி. ஆகிய பால்வினைத் தொற்றுகள் பொம்மை வழியாக எச்.ஐ.வி.யைவிட எளிதாகப் போகும். அப்படி வரும் புண்ணும் வெள்ளைப்படுதலும் பின்னால் எச்.ஐ.வி. நுழைவதையும் சுலபமாக்கும்.

மாதவிடாய்க் கப்பை ஹாஸ்டலில் தோழியிடம் கடன் வாங்கினேன் என்று கேட்டு வந்த பெண்கள் உண்டு. நன்றாகக் கொதிக்க வைத்த பிறகு போட்டிருந்தால் எச்.ஐ.வி. பயம் தேவையில்லை, கொதிநீரில் அந்த வைரஸ் நிற்காது. ஆனாலும் அது ஒருவருக்கான பொருள், கடன் கொடுக்க வேண்டாம்.

ஊசி மட்டும் தனி ரகம்

காய்ந்தால் செத்துவிடும் என்று மேலே சொன்னேன். சிரிஞ்சுக்குள் இரத்தம் காய்வதில்லை. வெப்பநிலையைப் பொறுத்து 42 நாள் வரைகூடச் சிரிஞ்சுக்குள் எச்.ஐ.வி. உயிரோடு இருந்ததைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றுகிற பையன்கள், ஜிம்மில் ஸ்டீராய்டு போட்டுக்கொள்கிறவர்கள் “நான் ஊசியை மாத்திட்டேன் மேடம், சிரிஞ்சு மட்டும்தான் பழசு” என்பார்கள். பழைய இரத்தம் இருப்பதே சிரிஞ்சில்தான். கரைக்கும் மூடி, பஞ்சு, தண்ணீர்கூடப் பகிரக்கூடாது.

நடந்துவிட்டது, இப்போது என்ன

நாலு கேள்விக்கும் பதில் அபாயத்தின் பக்கம் சாய்ந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை ஆரம்பிக்கலாம். பெப் என்பார்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து மையத்திலோ போய் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். ‘ஏதோ பட்டுவிட்டது’ என்று மழுப்பினால் டாக்டரால் முடிவெடுக்க முடியாது. எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கமாட்டார்கள், அபாயம் இல்லை என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அதற்குள் அங்கே சோப்பும் டெட்டாலும் விட்டு உட்புறம் குடைந்து கழுவாதீர்கள். வெளிப்புறம் சாதாரணமாகக் கழுவினால் போதும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். துண்டைப் பற்றியோ ரேசரைப் பற்றியோ விடாமல் மூன்றாவது முறையும் கேட்கிறவர் பல சமயம் வேறெதையோ சொல்ல வந்தவர். அவசரப்படாமல் காத்திருந்தால் காண்டம் இல்லாத ஓர் உறவு மெல்ல வெளியே வரும். இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால், பொருளை விடுங்கள், நேராக அதற்கே நாலு கேள்வியையும் போடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ் என்றால்

மகனுக்கும் மருமகளுக்கும் பாசிட்டிவ் என்று தெரிந்துபோய், மாமியார் தனியாக என்னிடம் வருவார். “ஏம்மா, அவ குளிச்ச பக்கெட்டை நான் தொடலாமா? பேரப்பிள்ளைக்கு அவ தட்டுல ஊட்டுறாளே?” தொடலாம், ஊட்டலாம், ஒரே சோப்பு போதும், துணியை ஒன்றாகவே மெஷினில் போடலாம். தனித்தட்டு, தனிக்கொடி, தனி அறை எதுவும் வேண்டாம். ரேசரும் டூத் பிரஷ்ஷும் ஆளுக்கு ஒன்று, இது பாசிட்டிவ் இல்லாத வீட்டுக்கும் உள்ள வழக்கம்தான். மாதவிடாய் நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும், அதுவும் எல்லா வீட்டுக்கும் பொது. கொட்டிய இரத்தத்தைத் துடைக்கக் கையுறை, பிளீச்சிங் தண்ணீர் இருந்தால் போதும்.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, வைரல் லோடு டெஸ்ட்டில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் அவரிடமிருந்து உடலுறவு வழியாகவே எச்.ஐ.வி. பரவாது. 2016-இலும் 2019-இலும் வெளியான ஐரோப்பிய ஆய்வுகளில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள ஜோடிகள் காண்டம் இல்லாமல் உறவு வைத்தும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூட வரவில்லை. உறவிலேயே வராதபோது அவர் தொட்ட பொருளில் எங்கிருந்து வரும். மாமியார்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பக்கெட்டைக் கவனிப்பதற்குப் பதில், மருமகள் ராத்திரி மாத்திரை போட்டாளா என்று கவனியுங்கள்.

டெஸ்ட் எப்போது

சம்பவம் நடந்த மறுநாளே வந்து டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ்தான் வரும். அது பழைய நிலையைக் காட்டும், நேற்று நடந்ததைக் காட்டாது. உடம்பில் தடயம் தெரிய எடுக்கும் இந்த இடைவெளியை விண்டோ பீரியட் என்போம். ஆய்வகத்தில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் நாலாம் தலைமுறை டெஸ்ட்டுக்கு 45 நாள், மற்ற விரைவு டெஸ்ட்டுகளுக்கு 3 மாதம். எங்கள் மையத்தில் முதல் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டினால் உடனே முடிவு சொல்லமாட்டோம், வேறு வேறு வகைக் கிட்டில் மொத்தம் மூன்று முறை பார்த்த பிறகுதான். பெப் மாத்திரை சாப்பிட்டவர்கள் அது முடிந்த பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் வர வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் டெஸ்ட்டுகளையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

எங்கே மையம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழில் பேசுவார்கள். டெஸ்ட்டுக்குப் பணம் கிடையாது. உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது, அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் ரிப்போர்ட் வாங்க நீங்களே வாருங்கள். தம்பியை அனுப்புகிறேன், டிரைவரை அனுப்புகிறேன் என்றால் கொடுக்கமாட்டோம்.